பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை



இந்த இதழில் நாம் வழக்கமாக எழுதுவது பூண்டு வரத்து, தராசு முத்திரை, வரிப் படிவம் ஆகியவை பற்றித்தான். இம்முறை கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு பற்றி எழுதுகிறோம். "பெரியவருக்கு இது என்ன வேண்டாத வேலை?" என்று சிலர் சிரிக்கக்கூடும். பதினொரே நாளில் ஒரு கார்டும், ஒரு கம்ப்யூட்டரும், இரண்டு வருடக் கடைக் கணக்கும் போன பிறகு நாம் கற்ற பாடம் இது. நாம் காசு கொடுத்துக் கற்றதை மற்ற அன்பர்கள் காசில்லாமல் தெரிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம்.

விஷயம் பலர் வீட்டுக்கும் வரப்போவதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்துவந்த வழக்கமான பராமரிப்பு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெல் பிராசஸரில் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆகவே 2013, 2014 வாக்கில் வாங்கிய பில் போடும் கம்ப்யூட்டர்கள் கடையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய இரும்புக்குப் போட மனம் வருவதில்லை; வீட்டுக்கு அனுப்புகிறோம். வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அடுத்த வாரமே கோரிக்கை வந்துவிடும்: "ஒரு கார்டு மட்டும் வாங்கிக் குடுங்க தாத்தா, போதும்." அந்த 'மட்டும்' என்ற சொல்லை நம்பித்தான் நாம் மோசம் போனோம்.

முதலில் கார்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பில் போடுவதற்குத் தனி கார்டு தேவையில்லை. ஐ-5 போன்ற பிராசஸர்கள் பெரும்பாலானவற்றின் உள்ளேயே படம் வரையும் சிறிய பகுதி ஒன்று இருக்கிறது; எழுத்தையும் எண்ணையும் காட்ட அது தாராளம். விளையாட்டு அப்படியல்ல. இப்போதைய சாதாரணத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓட அத்தனை புள்ளிகளையும் வினாடிக்கு 60 தடவை புதிதாக வரைய வேண்டும். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல். சந்தை நாளில் ஒரே ஆள் எடை போட்டு, பில் எழுதி, மூட்டையும் தூக்கினால் எப்படித் திணறுவாரோ அப்படிப் பிராசஸர் திணறும். கார்டு என்பது மூட்டை தூக்கப் போடும் தனி ஆள். அந்த ஆளுக்கு நிற்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். நாம் இரண்டையும் பார்க்கவில்லை.

நமது கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது; ஐ-5, நான்காவது தலைமுறை. கடையில் எட்டு வருடம் உழைத்தது. 2022 ஏப்ரலில் புதியது வந்தபோது பாக்கி நிலுவைகளை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டு, பழையதை ஹார்ட் டிஸ்க்கோடு அப்படியே வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டோம். 2023 காலாண்டு விடுமுறையில் பேரன் கேட்டான். பூண்டு ஏற்றிய வண்டியிலேயே கீழே இறங்கி, ஒரு கடையில் பழைய ஆர்.எக்ஸ். 580 கார்டு ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். பில் இல்லை. "இந்த விலைக்கு இதைவிடப் பெரிய கார்டு எங்கேயும் கிடைக்காது ஐயா" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யல்ல, 8 ஜி.பி. நினைவகம் உள்ள, தன் காலத்தில் நல்ல பெயர் எடுத்த கார்டுதான். ஆனால் எந்தப் பெட்டியில் மாட்டப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. நாற்பது வருடமாக மொத்த வியாபாரம் செய்பவர், மூட்டை வைக்கக் குடோனில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் சரக்கு எடுத்த கதை இது.

அந்தக் கார்டுக்கு எட்டு முனை உள்ள தனி மின் இணைப்பு வேண்டும். நமது பெட்டியில் அது இல்லை. கடைக்காரர் ஒரு மாற்று வயரை இலவசமாகவே கொடுத்தார். அதை வைத்து மாட்டினோம். ஆட்டம் அற்புதமாக ஓடியது. பதினோராம் நாள் இரவு 'டப்' என்று ஒரு சத்தம், மாடி முழுக்கக் கருகல் வாடை. கார்டு, மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் மூன்றும் போயின. பேரன் மறுநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. சாயந்திரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான்: "ரெண்டு நாளாவே வாடை வந்துச்சு தாத்தா. சொன்னா கார்டைத் திருப்பிக் குடுத்துடுவீங்கன்னு சொல்லல." நாம் அவனை ஒன்றும் சொல்லவில்லை. வாடை பற்றி அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவர்கள் நாம்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவற்றில் 2020 மார்ச் வரைக்கும்தான் பென் டிரைவில் நகல் இருந்தது. மீட்டுத் தர முடியுமா என்று மதுரையில் கேட்டதற்கு, கார்டு விலையைப்போல் நான்கு மடங்கு சொன்னார்கள். உத்தரவாதமும் இல்லை என்றார்கள். விட்டுவிட்டோம். 2024 தொடக்கத்தில் 2020-21 கணக்கில் சில பில்களுக்கு விளக்கம் கேட்டு வரித்துறைக் கடிதம் வந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. கொள்முதல் பில்கள் காகிதத்தில் இருந்தன. விற்பனை விவரம் பாதிக்கு மேல் இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமத்துக் கடைக்காரர்கள் தாங்கள் வைத்திருந்த நம் பில்களையும் சிட்டை நோட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். அவற்றை வைத்து மூன்று மாதம் உட்கார்ந்து கணக்கைத் திரும்ப எழுதிப் பதில் கொடுத்தோம். அந்த நோட்டுகளில் ஒன்று கோதுமை மாவு மூட்டையின் மேல் வைத்து எழுதியது. ஒவ்வொரு பக்கத்திலும் மாவு.

சீட்டில் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் எடையும்

கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். வெடித்தது அதுதான். பிறகு அதைக் கழற்றிப் பார்த்தோம். பக்கவாட்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் 450 வாட். அதன் கீழே சிறிய கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தார்கள். கார்டும் பிராசஸரும் தின்பது பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையிலிருந்து. நமது சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ஆர்.எக்ஸ். 580 கார்டுக்கு 185 வாட் வரை வேண்டும். நமது ஐ-5 பிராசஸருக்கு 84 வாட். மொத்தம் 269. சாக்கு எடையும் நிகர எடையும் தெரிந்தவர்கள் நாம். சாக்கின் மேல் எழுதியிருந்த 450-ஐ நம்பினோம்.

ஆகவே கார்டுக் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டைப் படிப்பது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நல்ல 450 வாட் சரக்கில் 12 வோல்ட் வரிசையில் மட்டும் 30 ஆம்பியருக்கு மேல் இருக்கும். '80 பிளஸ்' என்ற முத்திரையும் இருக்கும். கேபினெட்டோடு சேர்த்து இனாமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.-இல் இரண்டும் இருப்பதில்லை. பத்து வருடம் ஆனதென்றால் சீட்டில் போட்டிருப்பதையும் முழுக்க நம்ப முடியாது. கார்டுக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து எடுத்தாவது அதை மாற்றிவிட வேண்டும் என்பது நமது கருத்து.

கார்டு மாட்டும் மதர்போர்டு ஸ்லாட் தானாகக் கொடுக்கக்கூடிய மின்சாரம் 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு ஆறு முனை வயர் போட்டால் இன்னொரு 75, எட்டு முனை வயர் போட்டால் 150 வாட் கூடுதலாகக் கிடைக்கும். இவை எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து நேராக வர வேண்டிய வயர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயரில் மாற்று வயர் சொருகி ஒப்பேற்றுவது, வீட்டு லைட் வயரில் மாவு மில் மோட்டாரை ஓட்டுவது போன்றது. பழைய பெட்டிக்கு, தனி வயர் எதுவும் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே உத்தமம்.

அடுத்தது இடம். அலுவலகங்கள் கழித்துப்போட்டு மொத்தமாக விலைக்கு வரும் டெல், எச்.பி., லெனோவா பெட்டிகளை நம்மில் பலர் கடைக்கு வாங்கியிருக்கிறோம். மெலிந்த மாதிரிப் பெட்டியாக இருந்தால் அதில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். அவற்றில் சிலவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.-உம் தனி மாதிரி. கடையில் கிடைக்கும் பொதுச் சரக்கு அதற்குப் பொருந்தாது. டேப் வைத்து நீளம், உயரம், பக்கத்து ஸ்லாட்டுகளின் இடம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். 2012-க்கு முந்தைய மதர்போர்டு சிலவற்றில் புதிய கார்டை மாட்டினால் திரையே வராமல் நிற்பதும் உண்டு. அப்படிப்பட்ட பெட்டிக்குக் கார்டு வாங்குவதானால், மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில்தான் வாங்க வேண்டும்.

திரையையும் மறக்க வேண்டாம். பழைய பில் கம்ப்யூட்டரின் மானிட்டருக்கு நீல நிறப் பதினைந்து முனை வி.ஜி.ஏ. வயர் இருக்கும். இப்போதைய கார்டுகளில் அந்தத் துளை இல்லை, எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து மாற்றித் தரும் சிறிய கருவி ஒன்று தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள்: கார்டு மாட்டிய பின் திரையின் வயரைக் கார்டில் சொருக வேண்டும். பழைய இடத்திலேயே சொருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை நமக்குத் தெரியும்.

எந்த ஆட்டம்?

விலை கேட்பதற்கு முன் பிள்ளையைக் கேட்க வேண்டிய கேள்வி இது. வாலரண்ட் என்ற ஆட்டம் 2020-ல் வந்தபோது கம்பெனி சொன்ன குறைந்தபட்சத் தேவை இன்டெல் எச்.டி. 4000. அது மூன்றாம் தலைமுறைப் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் பகுதி. அதாவது கார்டே வேண்டாம். ஒரு ராம் இருக்கும் இடத்தில் இரண்டாகப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி. ஆக்கினாலே பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். (உள்ளிருக்கும் படப் பகுதி ராமையே தன் நினைவகமாகவும் பயன்படுத்துவதால் இரட்டை ராமில் அதற்கு வேகம் கூடும்.) ஜி.டி.ஏ. 5 ஆட்டம் 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 2 ஜி.பி. உள்ள ஜி.டி.எக்ஸ். 660 கார்டு போதும் என்றார்கள். இன்றைய சிறிய கார்டுகள் அதைத் தாண்டிவிட்டன. நேற்று வெளிவந்த பெரிய ஆட்டம்தான் வேண்டும் என்றால் பழைய பெட்டியில் முயல வேண்டாம். நான்கு கோர் உள்ள பழைய பிராசஸர், பெரிய கார்டுக்கு வேலை எடுத்துக் கொடுக்க முடியாமல் தடுமாறும். இருபது சுமைகூலிகள் காத்திருக்க, எடை போட ஒரே ஆள் இருக்கும் மண்டிபோல் ஆகிவிடும்.

பழைய மானிட்டர் சிறியதென்றால் அதுவும் ஒரு சௌகரியம். 1366-க்கு 768 என்ற திரையில் பத்து லட்சம் சொச்சம் புள்ளிகள்தான், வேலை பாதியாகிவிடுகிறது. பெரிய திரை வாங்காத வரை பெரிய கார்டும் வேண்டாம்.

இனி சரக்குக்கு வருவோம். விலை மலிவென்று கண்ணில் முதலில் படுபவை ஜி.டி. 710, ஜி.டி. 730. பெட்டியின் மேல் '4 ஜி.பி.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பெரிய டின்னில் அரைக் கிலோ நெய். இவை திரை காட்டத்தான், ஆடுவதற்கல்ல. ஜி.டி. 1030-இல் இரண்டு வகை உண்டு, பெயர் ஒன்றே. ஜி.டி.டி.ஆர். 5 நினைவகம் உள்ளது வினாடிக்கு 48 ஜி.பி. விவரம் கடத்தும், 2018-ல் வந்த டி.டி.ஆர். 4 வகை 16.8 ஜி.பி. மட்டுமே. வத்தலக்குண்டு மலைச் சாலையில் ஒரு தடம் மூடியிருக்கும் நாளையும் முழுச் சாலை திறந்திருக்கும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். லாரி ஒன்றுதான், வந்து சேரும் நேரம் வேறு. அட்டையில் எத்தனை ஜி.பி. என்பதோடு என்ன வகை நினைவகம் என்பதையும் படிக்க வேண்டும்.

அதற்கு மேல் தட்டில் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 2016-ல் வந்தது, 75 வாட், 4 ஜி.பி. பழைய பெட்டிக்காரர்களுக்கு நெடுநாள் கைகொடுத்த கார்டு. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு. பழைய ஆட்டங்களுக்குப் போதும், மிகச் சல்லிசாகக் கிடைத்தால் எடுக்கலாம். 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 அதற்கு அடுத்த தலைமுறை. டிரைவர் தொடர்ந்து வருகிறது. இதில் ஆறு முனை வயர் கேட்பதும் உண்டு, கேட்காததும் உண்டு. கார்டின் விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 வெறும் 53 வாட். கேட்கவே இனிக்கும். ஆனால் அது மதர்போர்டோடு பேச நான்கு பாதைதான் வைத்திருக்கிறது. மற்ற கார்டுகள் பலவற்றுக்கு எட்டு, பதினாறு. புது மதர்போர்டில் பாதை ஒவ்வொன்றும் வேகமானது என்பதால் குறை தெரியாது. நமது நான்காம் தலைமுறைப் பெட்டியில் அந்த வேகம் பாதி, இரண்டாம் தலைமுறையில் கால். புதுப் பெட்டிக்கென்று செய்த சரக்கு அது. இன்டெல் ஆர்க் ஏ 380-உம் அப்படியே: 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் முழு வேகம் காட்டும், 2014-ஆம் வருடப் பெட்டிகளில் கம்பெனி அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

நாம் 2024 மே மாதம், கடிதத்துக்குப் பதில் கொடுத்து முடித்த பின், அலுவலகக் கழிவில் வந்த ஒரு நான்காம் தலைமுறைப் பெட்டிக்கு வாங்கியது ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. அந்த வருடம் பிப்ரவரியில்தான் வந்திருந்தது. 70 வாட், பெரும்பாலான கம்பெனிகளின் கார்டுகளுக்குத் தனி வயர் வேண்டாம். விலை பதினேழாயிரம் சொச்சம். பெட்டியைவிடக் கார்டுக்கு விலை அதிகம் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். ஆனால் பெட்டி ஓய்ந்தாலும் கார்டு அடுத்த பெட்டிக்குப் போகும், அதனால் சம்மதித்தோம். இதே பெயரில் 8 ஜி.பி. கார்டும் உண்டு. வித்தியாசம் 2 ஜி.பி.தானே என்று நினைக்க வேண்டாம். அது 130 வாட் தின்பது, தனி வயர் கேட்பது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். விலை நாளுக்கு நாள் மாறும் சரக்கு இது. குறைந்தது மூன்று இடத்தில் கேட்டுக்கொண்டு ரொக்கத்தை எடுங்கள்.

பழைய கார்டும் போலியும்

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் பழைய கார்டு தாராளமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. எத்தீரியம் என்ற மின்காசைக் கார்டுகளின் கணக்கு வேகத்தால் 'தோண்டி' எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த முறையே மாற்றப்பட்டது. ஒரே நாளில் அந்த வேலை நின்றது. உலகம் முழுக்க அந்தக் கார்டுகள் விற்பனைக்கு வந்தன. 570, 580 வகைகள் அந்த வேலையில் மிகுதியாக உழைத்தவை. உழைத்த மாடெல்லாம் கெட்ட மாடல்ல. ஆனால் பல்லைப் பார்த்து வாங்க வேண்டும். விசிறி தடையின்றிச் சுழல்கிறதா, பலகை பழுத்து மஞ்சளாகியிருக்கிறதா, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே அரை மணி நேரம் ஆட்டம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

மிளகில் பப்பாளி விதை கலப்பதை நாம் அறிவோம். இங்கும் அது உண்டு. 2010-ல் வந்த ஜி.டி.எஸ். 450 என்ற பழைய கார்டின் உள் எழுத்தை மாற்றி, புது மூடி போட்டு, 1050 டி.ஐ. என்று விற்றிருக்கிறார்கள். கம்ப்யூட்டரும் அப்படியே பெயர் காட்டும். கண்டுபிடிக்க எளிய வழி: 1050 டி.ஐ. என்ற பெயரில் வரும் கார்டில் நீல வி.ஜி.ஏ. துளை இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோனால், 2018 முதல் அது இத்தகைய சரக்கைப் போலி என்றே காட்டிக்கொடுக்கிறது.

மலையில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கார்டின் விசிறி தள்ளுவது மெலிந்த காற்று. குளிர் அதைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் தூசிக்குப் பயந்து பெட்டியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் குளிரும் உதவாது. மூடுபனி நாட்களில் ஸ்லாட் முனைகளில் ஈரம் ஏறிக் கறுத்துவிடும். கார்டைக் கழற்றி முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் சரியாகும். கரண்டு போய்த் திரும்பும்போது வரும் ஏற்றத்துக்கு யு.பி.எஸ். அவசியம். ஆனால் பில் கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும்; ஆட்டத்தின் நடுவே அது கத்தினால் பிள்ளையிடம் சத்தம் போட வேண்டாம், யு.பி.எஸ். தன் அளவைச் சொல்கிறது. சித்திரை, ஐப்பசி இடிகளில் பிளக்கையும் நெட் வயரையும் பிடுங்கிவிடுவதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

வரி விஷயம் ஒன்று. கார்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கடையின் பெயரில் பில் வாங்கி உள்ளீட்டு வரவு எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. சொந்த உபயோகப் பொருளுக்கு வரவு எடுக்கச் சட்டத்தின் 17(5) பிரிவு தடை விதிக்கிறது; வீட்டுப் பெயரில் பில் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வரவு எடுத்து வாங்கிய கம்ப்யூட்டரை இனாமாக வீட்டுக்கு அனுப்புவதும் சட்டப்படி விற்பனைபோல் கருதப்படக்கூடும். எத்தனை வருடப் பழசு என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். பெட்டியை வண்டியில் ஏற்றும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அதைவிட முக்கியம், பெட்டி போகலாம், ஹார்ட் டிஸ்க் போகக் கூடாது. கணக்குகளை ஆண்டுப் படிவத்தின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2020-21-க்கு அந்தத் தேதி 2022 பிப்ரவரி 28; ஆகவே 2028 பிப்ரவரி முடியும்வரை அந்தக் கணக்கு கையில் இருந்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பெயர், வருடம் எழுதி, பீரோவில் வையுங்கள். இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். பிள்ளைக்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. புதிதாக வாங்கிப் போடுங்கள்; அவனுக்கும் வேகம், நமக்கும் தூக்கம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கடைக் கணக்கை நகல் எடுத்து வைப்பது பேரன்தான். வாடை வந்தாலோ விசிறிச் சத்தம் மாறினாலோ உடனே கீழே வந்து சொல்கிறான். ஒரு தடவை அடுப்பில் கருகிய ரசத்துக்குக்கூட வந்து சொன்னான். எரிந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.-ஐ நாம் தூக்கிப் போடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் தட்டில் இருக்கிறது. சீட்டு இன்னும் படிக்கும்படியாகவே இருக்கிறது. கார்டு வாங்க நினைக்கும் அன்பர்கள் தங்கள் பெட்டியின் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிறு சந்தை நாள். அது தவிர எந்த நாளும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரலாம்.